அவள் ஒன்றும் சொல்லவில்லை

ஜைனபை ஏழாம் மாடி வார்டுக்குக் கொண்டுவந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் கழித்துவிட்டு, கட்டிலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மல்லாந்து கிடந்தவளுக்கு விட்டத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மேலே கடந்து போவது மட்டும்தான் தெரிந்தது. கட்டில் ஒரு திருப்பத்தில் திரும்பி, சுவரோரமாக நின்றது. தலையை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள்.

அகலமான ஜன்னல். அதற்குக் கீழே லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சிவப்பு ஓட்டுக் கூரைகள். அதற்கும் அப்பால் மழைக்குக் காத்திருக்கும் வானம்.

இந்த ஜன்னலை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று, கட்டிலில் கிடந்த இன்னொருத்தியைப் பார்க்காமல் இருப்பதற்காக இதே கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“வேற வார்டு கிடையாதா?” என்று கேட்டாள். தொண்டை காய்ந்து குரல் கீறலாக வந்தது.

“இதுதான் ஆன்ட்டி மூளை நரம்பு வார்டு. எல்லாரும் இங்கதான் வருவாங்க,” என்றாள் தாதி சிவதர்ஷினி. ஈசூன் பகுதிப் பெண், முப்பது வயது இருக்கும். தமிழ் பேசும் நோயாளி கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். “நல்ல இடம் லா. வெளிச்சம் வருது பாருங்க.”

டாக்டர் ரகுபதி வந்தபோது ஜைனபின் தம்பி முகம்மது யூசுபும் பக்கத்தில் இருந்தான். டன்லப் சாலையில் அத்தர்க் கடை வைத்திருப்பவன். வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கடையில் வைத்துத்தான் ஜைனபுக்கு அது வந்தது. சாப்பாட்டு அடுக்கை மேசையில் வைத்தவள், பின்மண்டையில் யாரோ கடப்பாரையால் அடித்ததுபோல் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யூசுப் ஒரு நொடி தாமதிக்கவில்லை. அடுத்த நிமிடம் ஆம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். “மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல, இடது பக்கம், ஒரு சின்ன பலூன் மாதிரி வீங்கியிருந்துச்சு. அனியூரிசம்னு சொல்வோம். அது கசிஞ்சிடுச்சு. தொடை வழியா மெல்லிய குழாயை விட்டு, அந்த வீக்கத்துக்குள்ள பிளாட்டினக் கம்பிச் சுருளைத் திணிச்சு அடைச்சிட்டோம். சரியான நேரத்துக்கு வந்தீங்க. ஆனா இன்னும் பத்து நாள் கவனமா இருக்கணும். கசிஞ்ச ரத்தம் மத்த குழாய்களை உறுத்தும். அதுங்க சுருங்கிடலாம். தலைவலி கூடினாலோ, கை கால் கனத்தாலோ உடனே சொல்லணும். நாங்க மணிக்கொரு தடவை கேப்போம். நீங்க சொன்னாதான் எங்களுக்குத் தெரியும்.”

டாக்டர் போன பிறகு யூசுப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மறைக்காதே ராத்தா. எதா இருந்தாலும் சொல்லிடு. அவ ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்தா. நீயும் அப்படிப் பண்ணிடாதே.”

ஜைனப் கண்ணை மூடிக்கொண்டாள். வலியால் மூடுகிறாள் என்று அவன் நினைத்தான்.

அவன் சொன்ன ‘அவள்’ அவனுடைய மனைவி தமன்னா. இருபத்தொன்பது வயதில் போனவள்.

உம்மா இறந்தபோது யூசுபுக்கு ஒன்பது வயது, ஜைனபுக்குப் பத்தொன்பது. வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டு அவள்தான் அவனை வளர்த்தாள். பிடோக்கில் இருந்த அவர்கள் வீட்டில் பானை எந்தத் தட்டில் இருக்க வேண்டும், திரைச்சீலை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்தான். அந்த வீட்டுக்குள் தமன்னா வந்தாள். சிரித்த முகம், மெதுவான பேச்சு. ஆனால் நான்கு வருடம் கழித்து, தனிக்குடித்தனம் போக பாசிர் ரிஸ்ஸில் புது அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் ராத்தா என்று ஒருநாள் அதே மெதுவான குரலில் சொன்னாள். அன்றிலிருந்து ஜைனப் அவளோடு சரியாகப் பேசவில்லை.

நோன்புப் பெருநாள் வந்தது. யூசுப் தொழுகை முடிந்து, மகள் அஃப்ரீனைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தான். பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. தமன்னா அடுப்படியில் சேமியாவை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று இருபது. ஜைனப் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தமன்னா கத்தினாள். கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு, “ராத்தா, தலைக்குள்ள என்னமோ வெடிச்சுப் போச்சு,” என்றாள். தொட்டியில் வாந்தி எடுத்தாள். வாணலியில் சேமியா கருகி, அடுப்படி முழுக்கத் தீய்ந்த நெய்யின் புகை.

“நடிக்காதே,” என்றாள் ஜைனப். “ஆளுங்க வர்ற நேரம்.”

கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். இரண்டு பெனடால் வலி மாத்திரையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தாள். கதவைச் சாத்தினாள். விருந்தாளிகள் வந்த பிறகு உள்ளேயிருந்து இரண்டு முறை குரல் வந்தது. “ராத்தா, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.” இரண்டாவது முறை வந்தபோது ஜைனப் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

இரண்டு மணிக்கு யூசுப் வந்து கதவைத் திறந்தான். மறுநாள் இந்த ஜன்னல் ஓரத்தில் எல்லாம் முடிந்தது.

தலைவலி என்று ஏதாவது சொன்னார்களா என்று அன்றைய டாக்டர் கேட்டார். யூசுப் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

“இல்லை,” என்றாள் ஜைனப். “அவ ஒண்ணும் சொல்லல.”

இரண்டு வருடமாக யூசுப் செத்துப்போன மனைவியின் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. ஜைனப் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வார்டில் அவளுக்கு இடது பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விட்டிருந்தது. சாயங்காலம் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது. மெல்லிய, மூச்சை அடக்கிய முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்கும் ஒருத்தியின் முனகல்.

“பக்கத்துல யாருக்கோ ரொம்ப வலிக்குது போல. போய்ப் பாரும்மா.”

சிவதர்ஷினி திரையை விலக்கிக் காட்டினாள். விரிப்பு கசங்காத வெறும் கட்டில்.

“இந்தக் கட்டில் காலி ஆன்ட்டி. பைப் சத்தமா இருக்கும். பழைய கட்டடம் லா.”

அவள் திரையைத் திரும்ப இழுத்துவிட்டுப் போனாள். முனகல் நின்றிருந்தது. ஆனால் மருந்து வாடைக்கும் பினாயில் வாடைக்கும் அடியில் வேறொரு வாடை மெதுவாகக் கிளம்பியது.

தீய்ந்த நெய்.

மறுநாள் காலை சிவதர்ஷினி வந்து கண்ணில் டார்ச் அடித்தாள். இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பேர், தேதி எல்லாம் கேட்டாள். பிறகு ரத்த அழுத்தக் கருவியின் திரையைப் பார்த்தபடியே, “தலை வலிக்குதா ஆன்ட்டி?” என்றாள்.

வலி இருந்தது. லேசாக, கண்ணுக்குப் பின்னால். சொல்லலாம் என்று ஜைனப் உதட்டைப் பிரிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“இல்லை.”

ஜைனபின் குரல்தான். கீறலும் அப்படியே. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை.

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“ஓக்கே, குட்,” என்று சிவதர்ஷினி எழுதிக்கொண்டாள்.

“நான் சொல்லலம்மா! அது நான் இல்ல!”

“எது ஆன்ட்டி?”

“வலி இருக்கு. இப்ப பதில் சொன்னது நான் இல்ல. அங்க ஒருத்தி இருக்கா.”

சிவதர்ஷினி அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் டாக்டர் ரகுபதி வந்தார். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. மூளையில் ரத்தம் கசிந்தவர்களுக்குக் குழப்பம் வருவது சகஜம், குரல் கேட்கும், ஆள் தெரியும், போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் யூசுபிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவர் குரலில் கனிவு இருந்தது. நம்பிக்கை இல்லை.

தான் சொல்வதை யாரும் நம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்று ஐம்பது வயதில் ஜைனப் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் அது நடந்தது. தாதி மாறினாலும் மாறவில்லை. மலாய்த் தாதி வந்து ஆங்கிலத்தில் கேட்டபோதும், சீனத் தாதி சைகையோடு கேட்டபோதும், திரைக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே முந்திக்கொண்டது. ஜைனப் அதை மீறிக் கத்தினால், குழப்பம் என்று எழுதிக்கொண்டார்கள். கத்தாவிட்டால், தொந்தரவு ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள். மதியத்திலிருந்தே வானம் கறுத்து, இடி தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது. விளக்கு எரிந்தும் வார்டு மங்கலாகவே கிடந்தது. பன்னிரண்டு மணிச் சோதனை முடிந்து தாதி நகர்ந்த கையோடு, ஜைனபின் தலைக்குள் ஏதோ இறுக ஆரம்பித்தது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல.

வலது கை கனத்தது. விரல்கள் வேறு யாருடையவோபோல் விரிப்பின் மேல் கிடந்தன.

இதைத்தான் டாக்டர் சொன்னார் என்று அவளுக்குப் புரிந்தது. இடது கையால் அழைப்பு மணியைத் தேடினாள். தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது இல்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில், எட்டாத தூரத்தில், அதன் கயிறு ஒழுங்காகச் சுற்றி மாட்டியிருந்தது.

“தாதி!” என்று கூப்பிட்டாள்.

அவள் கட்டிலைச் சுற்றியிருந்த திரை நகர ஆரம்பித்தது.

யாரும் இழுக்கவில்லை. வளையங்கள் கம்பியில் ஒவ்வொன்றாகக் கிளுக், கிளுக் என்று ஓடின. அவசரமே இல்லாமல். ஜன்னல் மறைந்தது. வார்டு மறைந்தது. கடைசி இடைவெளியும் சேர்ந்து மூடிக்கொண்டது.

தீய்ந்த நெய்யின் வாடை மூக்கை அடைத்தது.

“தாதி! வலிக்குது!”

காதோரம், மிக அருகில், மெதுவான ஒரு குரல். இது ஜைனபின் குரல் அல்ல.

“நடிக்காதீங்க ராத்தா.”

மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. சில்லென்று.

“ஆளுங்க வர்ற நேரம்.”

சுவரில் இருந்த தொலைக்காட்சியின் சத்தம் கூடியது. இன்னும் கூடியது. யாரோ சிரிக்கும் நிகழ்ச்சி. ஜைனப் கூப்பிட்ட குரல் அந்தச் சிரிப்புக்குள் கரைந்து போனது. ஒரு மணிக்கு வந்த தாதி திரையின் விளிம்பை விலக்கித் தலையை மட்டும் நீட்டி, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. கட்டிலில் கிடந்தவள் கண்மூடித் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் அந்தத் தாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூங்கட்டும் என்று போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு யூசுப் வந்தான்.

திரையை விலக்கி, சட்டையில் மழைத்துளிகளோடு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எப்படி இருக்கே ராத்தா? தலை வலிக்குதா?”

“இல்லை,” என்றது அந்தக் குரல்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றான் யூசுப். நிம்மதியாகக் கைப்பேசியை எடுத்தான்.

ஜைனப் வாயைத் திறந்தாள். வலிக்குதுடா என்று சொல்ல முயன்றாள். நாக்கு கல்லாகக் கிடந்தது. கை என்று சொல்ல முயன்றாள். டாக்டர் என்று சொல்ல முயன்றாள். தன்னைப் பற்றிய எந்தச் சொல்லும் தொண்டையைத் தாண்டவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு என்ன வேண்டும் என்றும் தெரிந்தது.

வெளியே வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

“அவ சொன்னா.”

யூசுப் நிமிர்ந்தான். “யாரு?”

“தமன்னா. தலைக்குள்ள வெடிச்சுப் போச்சுன்னு சொன்னா. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னா. ரெண்டு தடவை. நான்தான் கதவைச் சாத்தினேன்.”

தொலைக்காட்சி அடங்கியிருந்தது. மழை மட்டும் கேட்டது.

“எத்தனை மணிக்கு?” என்றான். அவன் குரலில் எதுவும் இல்லை.

“பதினொண்ணு இருபது.”

“நான் ரெண்டு மணிக்கு வந்தேன்.”

மனம் நொந்துதான் அதைச் சொன்னாளா, உயிர் பிழைக்கச் சொன்னாளா என்று ஜைனபுக்கே விளங்கவில்லை. அவளுடைய உதட்டின் வலது ஓரம் மெல்ல இறங்கி, எச்சில் வழிந்தது. யூசுப் அதைப் பார்த்தான். எழுந்து, பார்த்துக்கொண்டே நின்றான். அந்த நிமிடம் எவ்வளவு நீளமானது என்று இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அல்லது மூன்று பேருக்கு.

பிறகு கால்மாட்டுக்குப் போய், மணியை எடுத்து அழுத்தினான். “டாக்டரைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!” என்று வார்டே அதிரக் கத்தினான். ஆட்கள் ஓடி வந்தார்கள். கட்டிலை வெளியே தள்ளினார்கள். அவள் செய்யாததை அவன் செய்தான். செய்துவிட்டு, லிஃப்டைக்கூட எதிர்பார்க்காமல் ஏழு மாடியும் படியில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

டாக்டர் ரகுபதி விடவில்லை. சுருங்கிய குழாய்க்குள் மருந்து செலுத்தினார், ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார், இரவு பகலாகப் போராடினார். உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சுக்கான இடத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்ததால் பேச்சும் போயிற்று. பேச்சுப் பயிற்சியாளர் தினமும் படங்களைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டார். ஜைனபின் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

“இல்லை.”

தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்லை. வேண்டாமா என்றாலும் இல்லை. சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் ஒட்டிக்கொள்ளும், அதற்கு அர்த்தம் பார்க்கக் கூடாது என்று பயிற்சியாளர் தாதிகளிடம் விளக்கினார்.

யூசுப் அஃப்ரீனோடு பாசிர் ரிஸ் வீட்டுக்குக் குடிபோய்விட்டதாகச் சமூக சேவை அதிகாரி வந்து சொன்னார். பிடோக் வீட்டின் சாவியை ஒரு உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தான். உறைக்குள் வேறு எதுவும் இல்லை.

ஐந்து வாரம் ஆனது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் சிவதர்ஷினி அவளுக்கு உடை மாற்றி, தலைத்துணியைச் சரியாகக் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“வீட்டுக்குப் போறீங்க ஆன்ட்டி! ஹேப்பியா?”

“இல்லை.”

“சும்மா சொல்லாதீங்க லா.” சிரித்துக்கொண்டே மருந்துப் பையை மடியில் வைத்தாள். “நான் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேன், தனியா எப்படி இருப்பாங்கன்னு. நல்ல வேளை, உங்களைப் பார்த்துக்க ஆள் வந்தாச்சு. ரெண்டு வாரமா வந்து எல்லாத்தையும் கத்துக்கிட்டாங்க. எப்படித் தூக்கறது, எப்படி ஊட்டறது, மருந்து எத்தனை மணிக்கு. ரொம்பப் பொறுமையான ஆளு. மெதுவா பேசறாங்க.”

ஜைனபின் இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

“இந்தாங்க, அவங்க கையெழுத்துக்கூடப் போட்டுட்டாங்க.” சிவதர்ஷினி ஒரு தாளை அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். பராமரிப்பாளர் பெயர். நோயாளிக்கு உறவு: தம்பி மனைவி. நீல மையில், சின்னச் சின்ன உருண்டை எழுத்துகளில், தமன்னா.

“இல்லை,” என்றாள் ஜைனப்.

“ஆமா ஆன்ட்டி.”

“இல்லை. இல்லை. இல்லை!”

“ஓக்கே, ஓக்கே. அழாதீங்க.” சிவதர்ஷினி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு ஜைனபின் தோளுக்கு மேலாகப் பார்த்துப் புன்னகைத்தாள். “அவங்க எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாங்க. நீங்க பயப்படாதீங்க.”

ஜைனபுக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை.

லிஃப்ட் பொத்தானை அழுத்த சிவதர்ஷினி முன்னால் நடந்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் கிடந்தது. அந்த வெயிலில் சக்கர நாற்காலியின் நிழல் விழுந்திருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தவளின் நிழல் விழுந்திருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை.

நாற்காலியின் பிரேக்கை யாரோ மெதுவாக எடுத்துவிட்டார்கள்.

சக்கரங்கள் உருண்டன.